பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருப்பது

செவ்வாய்ப்பேட்டையில் எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தான். கண்காட்சி மாடலுக்காகப் பழைய கம்ப்யூட்டரின் பவர் சப்ளையைக் கழற்றியிருக்கிறான். "பிளக்கைப் பிடுங்கிட்டுத்தாண்ணா திறந்தேன், எப்படி ஷாக் அடிச்சது?" என்றான். இரண்டு முனையும் ஒரே விரலில் பட்டதால் பிழைத்தான். இரண்டு கையிலும் ஒவ்வொன்று பட்டிருந்தால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் பாய்ந்திருக்கும்.

அந்த போர்டிலிருந்த பெரிய மின்தேக்கியில் (இரண்டு தகடுகளில் மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர்) 450 வோல்ட், 220 மைக்ரோஃபாரட் என்று போட்டிருந்தது. 450 என்பது அது தாங்கும் அளவு. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஏசியை டிசியாக மாற்றினால் அதன் உச்சமான 325 வோல்ட் வரை அது நிரம்பும். ஆற்றலுக்குச் சூத்திரம் கேட்டேன். "அரை சிவி ஸ்கொயர்" என்று உடனே சொன்னான். சி என்பது மின்தேக்குத்திறன், வி என்பது மின்னழுத்தம். அந்த 'அரை' எங்கிருந்து வந்தது என்றதும் விழித்தான்.

பக்கத்து வெல்ல மண்டியைக் காட்டினேன். முதல் மூட்டையைத் தரையில் போட உயரமே இல்லை. அடுக்கு ஏற ஏறத் தூக்கும் உயரம் கூடும். கடைசி மூட்டைக்குத்தான் முழு உயரம். சராசரி பாதி. மின்னூட்டம் சேரும்போதும் மின்னழுத்தம் சுழியிலிருந்துதான் ஏறுகிறது. அப்புறம் இன்னொன்று: ஏணியை எடுத்துவிட்டால் மேலே இருக்கும் மூட்டை கீழே வந்துவிடாது. பிளக்கைப் பிடுங்குவதும் ஏணியை எடுப்பதுதான். தகடுகளுக்கு இடையே மின்புலம் அப்படியே நிற்கும், அதில் ஆற்றலும் நிற்கும்.

கணக்குப் போட்டால் சுமார் 11.6 ஜூல் வரும். 1 கிலோ வெல்லத்தை 1.2 மீட்டர் தூக்கும் வேலை, அவ்வளவுதான். ஆனால் உடம்பின் மின்தடையைச் சுமார் 1,000 ஓம் என்று வைத்தாலும், தொட்ட கணத்தில் 0.3 ஆம்பியர் பாயும். மின்கசிவைக் கண்டு மின்சாரத்தை நிறுத்தும் வீட்டு ஆர்சிசிபி சுவிட்ச் 0.03 ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும். ஆனால் பிளக் பிடுங்கிய பெட்டிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. உங்களைக் காப்பாற்ற அங்கே ஒன்றும் கிடையாது.

மின்னூட்டம் தானாக வடிய பல போர்டுகளில் ஒரு மின்தடையம் வைத்திருப்பார்கள். அது எரிந்துபோன போர்டுதானே பழுதுக்கு வருகிறது! அதை நம்பக் கூடாது. ஸ்க்ரூடிரைவரை வைத்து ஷார்ட் செய்யும் பழக்கமும் வேண்டாம். நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஒரே கணத்தில் பாய்ந்து உலோகம் உருகிக் கண்ணில் தெறிக்கும். 22 கிலோ ஓம், 10 வாட் மின்தடையத்தில் உறை போட்ட வயரும் கிளிப்பும் பற்றவைத்து வைத்துக்கொள்ளுங்கள். அதை மின்தேக்கியின் இரண்டு முனையிலும் மாட்டினால் மின்னூட்டம் மெல்ல வடியும், இந்த அளவு மின்தேக்கிக்கு அரை நிமிடம் போதும். பிறகு மல்டிமீட்டரில் பார்க்காமல் கை வைக்காதீர்கள். மைக்ரோவேவ் அடுப்பு இந்தக் கணக்கிலேயே சேராது, அதில் 2,000 வோல்ட் அளவில் நிற்கும். வீட்டில் திறக்கவே வேண்டாம்.

இன்னொரு போர்டை எடுத்து அவனையே வடிக்க வைத்தேன். மீட்டர் சுழியைத் தொட்டதும் கிளிப்பைக் கழற்றினான். கொஞ்ச நேரத்தில் எண் மெல்ல ஏறியது. தகடுகளுக்கு நடுவிலிருக்கும் மின்காப்புப் பொருளில் தங்கியது திரும்பி வந்ததால் ஏறிய சில வோல்ட் அது. கிளிப்பை மறுபடி மாட்டச் சொன்னேன். வேலை முடியும்வரை அதைக் கழற்றவில்லை.