முதல்வரிசைச் சிகிச்சை: சொல்லும் பொருளும்

புற்றுநோய் மருத்துவர்கள் நாள்தோறும் சொல்லும் ‘ஃபர்ஸ்ட் லைன் ட்ரீட்மென்ட்’ தமிழில் பல வேடங்களில் திரிகிறது. முதல் வரி சிகிச்சை, முதல்நிலைச் சிகிச்சை, முதற்கட்டச் சிகிச்சை, முதன்மைச் சிகிச்சை என்று ஆளுக்கொன்றாக எழுதுகிறோம். இவற்றில் சில காதுக்கு உறுத்துகின்றன, அவ்வளவுதான். வேறு சிலவோ நோயாளியையும் வீட்டாரையும் தவறான முடிவுக்கே கொண்டுபோய்விடும். புராஸ்டேட் புற்றுநோயை வைத்துப் பார்த்தால் இது நன்றாகத் தெரியும்.

முதலில் பொருள். ஒரு நோய் இப்போது எந்த நிலையில் இருக்கிறதோ, அந்த நிலைக்கு ஆய்வுச் சான்றுகளின்படி முதலில் கொடுக்க வேண்டியது எதுவோ அதுதான் ஃபர்ஸ்ட் லைன். அது கேட்காமல் போனாலோ, கொஞ்ச காலம் கேட்டு நின்றுபோனாலோ, பக்கவிளைவு தாங்க முடியாமல் போனாலோ அடுத்து வருவது செகண்ட் லைன். ஆக, இந்தச் சொல் ஒரு மருந்தின் பெயரைச் சொல்வதில்லை, மருந்து நிற்கும் இடத்தைச் சொல்கிறது.

‘லைன்’ லத்தீனிலிருந்து வந்தது. அங்கே ‘லீனும்’ என்றால் ஆளிச்செடி, அதன் நாரில் திரித்த நூல் ‘லீனியா’. இழுத்துப் பிடித்த நூல் நேராக நிற்பதால் அது கோட்டுக்குப் பெயரானது. அப்புறம் கோடுபோல் நிற்கும் ஆட்களுக்கும், போர்க்களத்தில் நிற்கும் படை அணிக்கும் ஆனது. எதிரியை முதலில் எதிர்கொள்வது முதல் அணி. அது உடைந்தால் பின்னால் இரண்டாவது அணி நிற்கும். மருத்துவத்தில் புழங்குவது இந்தப் படைப் பொருள்தான். தாளில் எழுதும் வரிக்கும் இதற்கும் தொடர்பில்லை. அதனால்தான் ‘முதல் வரி சிகிச்சை’ என்று படிக்கும்போது ஒன்றும் விளங்குவதில்லை. அரசு வாங்கும் வரியும் சேர்ந்துகொண்டு குழப்பும்.

படைப்பொருளையே தமிழில் தேடினால் தூசி, தார் என்ற பழஞ்சொற்கள் உண்டு. இரண்டும் முன்னே செல்லும் படையைக் குறித்தவை. ஆனால் இன்று தூசி என்றால் தும்மல்தான் வரும், தார் என்றால் சாலை. ‘முன்னணி’ பொருளில் மிகவும் பொருந்தும், ஆனால் முன்னணி நிறுவனம், முன்னணி நடிகர் என்று பழகிவிட்டோம். ‘முன்னணிச் சிகிச்சை’ என்று எழுதினால் மருத்துவமனை விளம்பரம்போல் இருக்கும்.

உண்மையில் ஆபத்தானவை ‘முதல்நிலை’யும் ‘முதற்கட்ட’மும். புற்றுநோயில் நிலை, கட்டம் என்பவை ‘ஸ்டேஜ்’ என்பதற்குப் பழகிப்போன சொற்கள். எலும்புக்குப் பரவிவிட்ட நோய் நான்காம் நிலை. அந்த நோயாளிக்கும் ஃபர்ஸ்ட் லைன் சிகிச்சை உண்டு. அதை ‘முதல்நிலைச் சிகிச்சை’ என்று தமிழில் எழுதிக் கொடுத்தால், அப்பாவுக்கு நோய் முதல் நிலையில்தான் இருக்கிறது என்று மகன் நிம்மதியாகத் திரும்பிவிடலாம். ‘முதற்சிகிச்சை’ முதலுதவிபோல் ஒலிக்கிறது. ‘முதன்மைச் சிகிச்சை’ வேறொன்றுக்கு உரியது. நோய் புராஸ்டேட் சுரப்பிக்குள்ளேயே இருக்கும்போது அதை முழுதாகத் தீர்த்துவிடும் நோக்கத்தோடு செய்யும் அறுவையையோ கதிர்வீச்சையோ ‘பிரைமரி’ என்பார்கள். அந்தப் பெயரை அதற்கே விட்டுவிடலாம்.

சரி, புராஸ்டேட்டுக்கு வருவோம். சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கும் சுரப்பி இது. கிரேக்கச் சொல்லுக்கு ‘முன்னே நிற்பது’ என்று பொருள். இலங்கைத் தமிழில் வழங்கும் ‘முன்னிற்கும் சுரப்பி’ அதன் நேர்ப்பெயர்ப்பு. நல்ல சொல்தான், ஆனால் தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் எல்லாரும் சொல்வது புராஸ்டேட் என்பதால் இங்கே அதையே வைத்துக்கொள்கிறேன்.

பரவிய புராஸ்டேட் புற்றுநோய்க்கு முதல் இடத்தில் வெகுகாலம் அசையாமல் இருந்தது ஆண் ஹார்மோனை அடக்குவது. 1941இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸும் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும் இந்தப் புற்று டெஸ்டோஸ்டீரான் என்ற ஆண் ஹார்மோனை நம்பி வளர்கிறது என்று காட்டினார்கள். விதைகளை அகற்றினாலோ ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைக் கொடுத்தாலோ நோய் அடங்கியது. ஹக்கின்ஸுக்கு 1966இல் நோபல் பரிசு கிடைத்தது. 1980களில் விதை நீக்கத்துக்கு மாற்றாக ஊசிமருந்துகள் வந்தன. நோயாளிகள் ‘ஹார்மோன் ஊசி’ என்று சொல்வது இதைத்தான். ஆனாலும் அடிப்படை மாறவில்லை. பெரும்பாலானவர்களுக்கு நோய் முதலில் அடங்கும், பிறகு ஹார்மோன் மிகக் குறைந்த நிலையிலும் வளரப் பழகிக்கொள்ளும். அதற்கப்புறம்தான் மற்ற மருந்துகளின் முறை.

2004இல் டோசிடாக்சல் என்ற கீமோதெரபி மருந்து அப்படித்தான் வந்தது. ஹார்மோன் சிகிச்சைக்குக் கட்டுப்படாமல் போன நோயில் அது ஆயுளைச் சில மாதங்கள் கூட்டியது. பெரிய மாற்றம் 2015இல். அமெரிக்காவில் நடந்த ‘சார்ட்டட்’ ஆய்வில் 790 பேரில் ஒரு பாதியினருக்கு ஹார்மோன் சிகிச்சை மட்டும், மறுபாதியினருக்குத் தொடக்கத்திலேயே ஆறு சுற்று டோசிடாக்சலும் சேர்த்துக் கொடுத்தார்கள். இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேராவது உயிரோடிருந்த காலம், 44 மாதத்திலிருந்து 57.6 மாதமானது. பழைய மருந்துதான், புதிதாக யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. பின்னால் நின்றதை முன்னே கொண்டுவந்தார்கள், ஓராண்டுக்கும் மேல் கூடியது. நோய் அதிகமாகப் பரவியிருந்தவர்களிடம் அந்தப் பலன் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. படிக்கும்போதெல்லாம் என்னை நெகிழவைக்கும் முடிவு இது.

அபிராட்டெரோன் மாத்திரையின் பயணமும் இதே திசையில்தான். விதையில் மட்டுமல்லாமல் அட்ரினல் சுரப்பியிலும் புற்றுக்குள்ளேயும்கூட ஆண் ஹார்மோன் உருவாவதை அது தடுக்கிறது. 2011இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது கீமோவுக்குப் பிறகு மட்டுமே கொடுக்கலாம் என்றிருந்தது. 2012இல் கீமோவுக்கு முன்னாலும் கொடுக்கலாம் என்றானது. 2017இல் ‘லாட்டிட்யூட்’, பிரிட்டனின் ‘ஸ்டாம்பீட்’ என்ற இரண்டு பெரிய ஆய்வுகளும், ஹார்மோன் சிகிச்சை தொடங்கும்போதே இதையும் சேர்த்தால் இறப்பு அபாயம் ஏறக்குறைய 38 விழுக்காடு குறைகிறது என்று காட்டின. கடைசியில் நின்ற மருந்து ஆறே ஆண்டில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. ஆண் ஹார்மோன் புற்றில் வேலை செய்யவிடாமல் தடுக்கும் அபாலுடமைடும் என்சலுடமைடும் 2019இல் அதே இடத்தில் வந்து சேர்ந்தன. 2022இல் வந்த ‘அராசென்ஸ்’ ஆய்வு ஹார்மோன் சிகிச்சை, டோசிடாக்சல், அதே வகை மாத்திரையான டாரோலுடமைடு மூன்றையும் ஒன்றாகத் தொடங்குவதற்குச் சான்று தந்தது. இன்று உடல்நிலை இடம் கொடுக்கும் பெரும்பாலானவர்களுக்கு ஹார்மோன் ஊசி மட்டும் என்பது போதுமான ஃபர்ஸ்ட் லைன் அல்ல. பத்தாண்டுக்கு முன் உறவினர் ஒருவருக்குக் கொடுத்ததை இன்றைய நோயாளிக்குக் கொடுப்பதோடு ஒப்பிடக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

நோய் பரவாதபோது கதையே வேறு. பிரிட்டனில் நடந்த ‘ப்ரொடெக்ட்’ ஆய்வு 1,643 ஆண்களைக் கண்காணிப்பு (உடனே சிகிச்சை தராமல் நோயைக் கவனித்து வருவது), அறுவை, கதிர்வீச்சு என மூன்றாகப் பிரித்தது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2023இல் வந்த முடிவின்படி, புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் மொத்தம் 45 பேர், 2.7 விழுக்காடு. மூன்று குழுக்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. நோய் பரவியது மட்டும் கண்காணிப்புக் குழுவில் 9.4 விழுக்காடு, மற்ற இரண்டிலும் 5 விழுக்காடு அளவில். இங்கே முதல் இடத்தில் ஒன்றுதான் நிற்கிறது என்று சொல்லவே முடியாது. சிறுநீர்க் கட்டுப்பாடு, பாலுறவு, குடல் தொல்லை என்று ஒவ்வொன்றிலும் வரும் பக்கவிளைவுகளைப் பார்த்து, நோயாளியும் மருத்துவரும் பேசி முடிவெடுக்க வேண்டும்.

இவ்வளவையும் தாங்கக்கூடிய தமிழ்ச்சொல் ‘வரிசை’ என்று நினைக்கிறேன். ஒன்றன்பின் ஒன்றாக நிற்பது என்ற பொருள் எல்லாருக்கும் தெரியும். சங்கத் தமிழில் வரிசைக்குத் தகுதி, தரம் என்ற பொருளும் உண்டு. புலவரின் வரிசை அறிந்து பரிசில் தருவது அரசனின் கடமையாக இருந்தது. முதலில் கொடுப்பது, முதலில் கொடுக்கத் தகுதி பெற்றது என்ற இரண்டும் ஃபர்ஸ்ட் லைனுக்குள் இருக்கின்றன. தமிழில் அந்த இரண்டையும் ஒரே சொல் சுமக்கிறது. சான்று மாறினால் வரிசையும் மாறும் என்பது தமிழ் வாசகருக்கு விளக்காமலே புரியும். ‘நிலை’யோடும் மோதாது. ‘நான்காம் நிலை நோய்க்கு முதல்வரிசைச் சிகிச்சை’ என்று எழுதினால் குழப்பமே இல்லை.

எழுதும்போது ‘முதல்வரிசைச் சிகிச்சை’ என்று ‘முதல்’, ‘வரிசை’ இரண்டையும் சேர்த்து, சகர ஒற்றும் இட்டு எழுதலாம். அடுத்தவை இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை. எந்த மருந்துக்குப் பின் எந்த மருந்து என்று திட்டமிடுவதைச் ‘சிகிச்சை வரிசைமுறை’ எனலாம். ‘சிகிச்சை’ வடசொல் என்று ஒதுக்குகிறவர்கள் ‘முதல்வரிசை மருத்துவம்’ என்று எழுதினாலும் பொருள் கெடாது. நோயாளியிடம் பேசும்போது மட்டும் “இந்த நிலைக்கு முதல்ல இதைத்தான் கொடுப்போம், இது கேக்கலன்னா அடுத்தது இருக்கு” என்று சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது.