வைஃபை தொடுதிரைப் பலகைகள்: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

வைஃபை வசதியுள்ள மைக்ரோகண்ட்ரோலரையும் (ஒரே சில்லில் அடங்கிய சிறு கணினி) தொடுதிரையையும் ஒன்றாகப் பொருத்திய பலகைகள் இன்று பல அளவுகளில் கிடைக்கின்றன. அவற்றை ஒப்பிடுவோர் பெரும்பாலும் திரையின் அங்குல அளவையும் தெளிவுத்திறனையும் பார்த்தே முடிவெடுத்துவிடுகிறார்கள். ஆனால் நினைவகத்திலிருந்து திரைக்குப் பிக்சல்கள் எந்த வழியாக, என்ன வேகத்தில் போய்ச் சேர்கின்றன என்பதும், அதே வேளையில் வைஃபையும் இயங்கும்போது அந்த வழிக்கு என்ன நேர்கிறது என்பதுமே பலகையின் உண்மையான தரத்தைக் காட்டுகின்றன.

கணக்கு எளிமையானது. 320×240 அளவுள்ள திரையில் ஒவ்வொரு பிக்சலுக்கும் 16 பிட் வேண்டும். சிவப்புக்கு 5, பச்சைக்கு 6, நீலத்துக்கு 5. ஆக, ஒரு முழுப் படத்துக்கு 1,53,600 பைட் தேவைப்படுகிறது. இத்தகைய பலகைகளில் பரவலாகப் பயன்படும் மைக்ரோகண்ட்ரோலரான இஎஸ்பி32 சில்லின் உள் நினைவகமோ மொத்தமே 520 கிலோபைட். அதில் வைஃபை மென்பொருளும் நமது நிரலும் தமக்கான பங்கை எடுத்துக்கொண்ட பிறகு, முழுப் படத்தையும் அங்கே வைத்திருப்பது கடினம். ஆகவே எல்விஜிஎல் போன்ற வரைகலை நூலகங்கள் திரையின் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள இடத்தை மட்டும் ஒதுக்கி, பட்டை பட்டையாக வரைந்து அனுப்ப வழிசெய்கின்றன. ஐஎல்ஐ9341 போன்ற திரைக் கட்டுப்பாட்டுச் சில்லுகளுக்குச் சொந்த நினைவகம் இருப்பதால், புதிதாக எதுவும் வராதபோது பழைய படம் அப்படியே நிற்கும்.

இத்தகைய திரைகள் பெரும்பாலும், பிட்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் எஸ்பிஐ இணைப்பில் இயங்குகின்றன. 40 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் 320×240 படம் ஒன்றை முழுதாக அனுப்ப ஏறத்தாழ 31 மில்லிவினாடி ஆகும். நொடிக்கு 32 படங்களுக்கு மேல் போகாது. 480×320 திரையில் அது 16 ஆகப் பாதியாகிவிடும். இதைக் கண்டு உடனே அஞ்ச வேண்டியதில்லை. வெப்பநிலையைக் காட்டும் எண் ஒன்று மாறும்போது, 60×30 பிக்சல் கொண்ட அந்தச் சிறு பகுதியை மட்டும் அனுப்பினால் போதும். அதற்கு ஒரு மில்லிவினாடிகூட ஆகாது. நீண்ட பட்டியலை விரலால் மேலே தள்ளும்போதுதான் எஸ்பிஐயின் வரம்பு கண்ணுக்குத் தெரியும். எனவே பலகையைச் சோதிப்பவர் அழகான நிலைப்படத்தைக் காட்டிப் பார்ப்பதைவிட, அத்தகைய பட்டியலை ஓடவிட்டுப் பார்ப்பது பயனுள்ளது.

800×480 அளவுள்ள பெரிய திரைகளின் கதை வேறு. நிறத் தரவைப் பல கம்பிகளில் ஒரே நேரத்தில் அனுப்பும் இணை ஆர்ஜிபி இணைப்பில் வரும் இவற்றுக்குப் பொதுவாகச் சொந்தப் பட நினைவகம் கிடையாது. மாறாத படமாக இருந்தாலும் அதை ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு படம் 7,68,000 பைட். நொடிக்கு 60 தடவை புதுப்பித்தால் சுமார் 46 மெகாபைட். அதே வரிசையைச் சேர்ந்த இஎஸ்பி32-எஸ்3 சில்லின் 512 கிலோபைட் உள் நினைவகத்தில் அந்தப் படம் அடங்காது என்பதால், அது வெளியே உள்ள பிஎஸ்ரேம் என்னும் கூடுதல் நினைவகத்தில் வைக்கப்படுகிறது. நிரல் சேமிக்கப்பட்டிருக்கும் ஃபிளாஷ் நினைவகமும் இந்த பிஎஸ்ரேமும் பாதையைப் பகிர்ந்துகொள்வதுதான் சிக்கலின் வேர். வைஃபை வழியே நிரலைப் புதுப்பிக்கும்போதோ அமைப்புகளை ஃபிளாஷில் எழுதும்போதோ பிக்சல்கள் உரிய நேரத்தில் வந்து சேராமல், முழுப் படமும் பக்கவாட்டில் நகர்ந்து நின்றுவிடக்கூடும். பிக்சல்களைச் சிறு துண்டுகளாக முதலில் உள் நினைவகத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து திரைக்கு அனுப்பும் முறை இதை வெகுவாகக் குறைக்கும்; அதற்குச் செயலியின் நேரத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டும். பெரிய திரையை வாங்குமுன் இந்த ஒரு சோதனையை, அதாவது படம் ஓடும்போதே வைஃபையில் கோப்பு ஒன்றை இறக்கி ஃபிளாஷில் எழுதிப் பார்ப்பதை, தவறாமல் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தொடு உணர்வில் இரு வகைகள் உண்டு. மின்தடை வகையில் இரண்டு மெல்லிய படலங்கள் அழுத்தத்தால் ஒன்றையொன்று தொடுகின்றன. எக்ஸ்பிடி2046 போன்ற சில்லு அந்த இடத்தின் மின்னழுத்தத்தை 12 பிட் எண்ணாக மாற்றுகிறது. கையுறையோடும் குச்சியாலும் இயக்கலாம். ஆனால் மூலைகளைத் தொட்டு அளவீட்டைச் சரிசெய்தாக வேண்டும். மின்தேக்க வகையில் விரல் நெருங்கும்போது மின்தேக்கத்தில் ஏற்படும் மாற்றம் அளக்கப்படுவதால் மெல்லிய தொடுதலே போதும். ஆனால் நீர்த்துளிகளும் இரைச்சல் மிக்க மின்வழங்கியும் தொடாத இடத்தைத் தொட்டதாகக் காட்டிவிடலாம். பயன்படுத்தப்போகும் மின்வழங்கியோடு இணைத்தே இதைச் சோதிக்க வேண்டும்.

மின்சாரத்தில் கவனிக்க வேண்டியது உச்ச அளவு. இஎஸ்பி32 முழுத் திறனில் வைஃபை சைகை அனுப்பும் கணத்தில் சுமார் 240 மில்லிஆம்பியர் இழுக்கிறது. பின்னொளியும் முழுப் பிரகாசத்தில் இருந்தால், பலகையின் 3.3 வோல்ட் சீராக்கி (மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் பகுதி) தடுமாறி, சில்லு திடீரென மறுதொடக்கம் ஆகலாம். திரையின் பின்புற உலோகத் தகடு ஆன்டெனாவை ஒட்டியிருந்தால் சைகையும் பலவீனமாகும். பெட்டிக்குள் பொருத்துவதற்கு முன்னும் பின்னும் சைகை வலிமையை அளந்து பாருங்கள்; 10 டெசிபெல் குறைந்தால் திறன் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள்.

கடைசியாக, திரைக்கும் தொடு உணரிக்கும் நினைவக அட்டைக்கும் போக சில்லின் எத்தனை பின்கள் (இணைப்புக் கால்கள்) மிஞ்சுகின்றன என்று சுற்று வரைபடத்தில் எண்ணிப் பார்க்க வேண்டும். இஎஸ்பி32இல் 34 முதல் 39 வரையுள்ள பின்கள் உள்ளீட்டுக்கு மட்டுமே உதவும்; வைஃபை இயங்கும்போது மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிசி பகுதிகளில் இரண்டாவதைச் சார்ந்த பின்களில் மின்னழுத்தத்தை அளக்க முடியாது. மிஞ்சியவை எல்லாம் முதல் வகையாகவே அமைந்துவிட்டால் ரிலேவை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இயக்கவும், இரண்டாம் வகையாகவே அமைந்துவிட்டால் மின்னழுத்தமாக அளவைத் தரும் ஒப்புமை உணரியை வாசிக்கவும், ஐ2சி என்னும் இரு கம்பி இணைப்பு வழியே கூடுதல் சில்லு ஒன்றைச் சேர்க்க வேண்டிவரும்.