ஓவியப் பீரியடைக் கடன் வாங்காதீர்கள்

அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் போதும், கால அட்டவணையிலிருந்து முதலில் காணாமல் போவது ஓவியப் பீரியட்தான். கணக்குப் போர்ஷன் முடியவில்லை, அறிவியல் முடியவில்லை என்று ஆளுக்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்வார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குச் சனி, ஞாயிறில் தனி வகுப்பு உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பலருக்குத் தூரிகை கையில் கிடைப்பதே அந்த ஒரு பீரியடில்தான்.

6 முதல் 8ஆம் வகுப்பு வரை நூறு பேருக்கு மேல் படித்தால் கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. தமிழக அரசுப் பள்ளிகளில் 2022-23 முதல் கலைத் திருவிழாவும் நடக்கிறது, நல்ல முயற்சி. ஆனால் நாற்பது பேர் உள்ள வகுப்பில் போட்டிக்கு நாலு பேரைத் தயார் செய்துவிட்டு மிச்சம் முப்பத்தாறு பேரைக் கைதட்ட உட்கார வைத்தால் அது கலைக்கல்வி ஆகாது.

பணம் இல்லையென்றால் மண்ணிலிருந்து தொடங்குங்கள். நாற்பது பேருக்கு ஆளுக்குக் கால் கிலோ, மொத்தம் பத்துக் கிலோ களிமண். பக்கத்தில் குயவர் இருந்தால் மிதித்துப் பதமாக்கிய மண்ணே கிடைக்கும். ஏரி மண் என்றால் காயவைத்து உடைத்து, ஒருநாள் ஊறவிட்டுக் கரைத்து, பழைய வேட்டியில் வடிகட்டி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை துணியில் பரப்பி வையுங்கள். பென்சில் கனத்துக்கு உருட்டி விரலில் சுற்றிப் பாருங்கள். வெடித்தால் ஈரம் போதவில்லை, அல்லது மணல் அதிகம்.

எல்லாரும் யானைதான் செய்வார்கள். மறுவாரம் பார்த்தால் வயிறு வெடித்து, கால் கழன்று கிடக்கும், பிள்ளை அழும். வெளிப்பக்கம் முதலில் காய்ந்து சுருங்குகிறது, உள்ளே ஈரம் அப்படியே நிற்கிறது, அதனால்தான் வெடிப்பு. அடிவயிற்றைக் கரண்டிக் காம்பால் குடைந்து, சுவர் ஒரு விரல் கனத்துக்கு வரச் செய்யுங்கள். காலை ஒட்டும்போது இரண்டு பக்கமும் குச்சியால் கீறி, மண் குழம்பு தடவி அழுத்த வேண்டும். முதல் இரண்டு நாள் ஈரத்துணி மூடி, பிறகு ஒரு வாரம் நிழலில் காயட்டும். வெயிலில் வைத்தால் காதும் தும்பிக்கையும் முதலில் போகும். ஏன் வெடித்தது என்று பிள்ளைகளே பேசட்டும். அறிவியல் ஆசிரியரும் கூட இருந்தால் இன்னும் நல்லது.

கணக்கு ஆசிரியருக்கும் இதில் பங்குண்டு. ஏழு புள்ளி நேர்ப்புள்ளிக் கோலம்: 7, 5, 3, 1 என்று இருபுறமும் குறைந்தால் மொத்தம் 25. இடுக்குப் புள்ளியில் 7, 6, 5, 4 என்று இருபுறமும் வைத்தால் 37. புள்ளி வைத்த பிள்ளையையே கூட்டச் சொல்லுங்கள். அம்மாவிடம் கற்ற கோலத்துக்குள் கணக்கு இருப்பதைப் பார்க்கும்போது அந்த முகத்தைக் கவனியுங்கள்.

தாளுக்கு ஒரு சார்ட்டை நாலாக வெட்டினால் நாற்பது பேருக்குப் பத்து சார்ட் போதும். கலர் பெட்டியை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லாதீர்கள். வாங்க முடியாத பிள்ளை அன்றைக்கு லீவு போட்டுவிடும். மெழுகு வண்ணத்தை நாலு பேருக்கு ஒரு பெட்டியாகப் பள்ளியிலேயே வைத்திருங்கள். ஒரே பீரியடில் எடுத்து வைப்பதற்குள் மணி அடித்துவிடும், இரண்டு பீரியடைச் சேர்த்துக் கேளுங்கள்.

கரும்பலகையில் மாமரம் வரைந்து ‘இதைப் பார்த்துப் போடு’ என்று சொல்லவே வேண்டாம். ஊதா நிறத்தில் மரம் வரைந்திருந்தால் சிவப்பு மையால் திருத்தாமல், பக்கத்தில் உட்கார்ந்து “இது எந்த மரம், சொல்லு கண்ணு” என்று கேளுங்கள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை அங்கேதான் பேச ஆரம்பிக்கும்.