தளும்பல்: ‘ஸ்லாஷிங்’ என்பதற்குத் தமிழ்ச்சொல்

கொள்கலம் அசையும்போது அதற்குள் பாதி நிரம்பிய நீர்மம் தன்போக்கில் ஆடிச் சுவரில் மோதுவதை ஆங்கிலத்தில் ‘ஸ்லாஷிங்’ என்பர். பனிச்சேற்றைக் குறிக்கும் ‘ஸ்லஷ்’ என்ற சொல்லோடு தொடர்புடையதாகக் கருதப்படும் ‘ஸ்லாஷ்’, பின்னர் ராக்கெட்டின் எரிபொருள் கலன்களையும் கப்பலின் சரக்குத் தொட்டிகளையும் ஆராய்ந்த பொறியாளர்களின் கலைச்சொல்லாயிற்று.

இதற்கு ‘அலைமோதல்’, ‘குலுங்கல்’ என்ற சொற்களை முன்வைக்கலாம். ஆனால் முன்னது திறந்த கடலையும் கரையையுமே நினைவூட்டுகிறது; பின்னதோ உள்ளிருக்கும் நீர்மத்தைவிடக் கலத்தின் அசைவையே மிகுதியும் சுட்டுகிறது. ‘தளும்பல்’ என்பதே பொருத்தமானது என்பது என் துணிபு. தளும்புதல் என்றால் வழிதல் அல்லவா, மூடிய தொட்டியில் எதுவும் வழியாதே என்று கேட்கலாம். கண்களில் நீர் தளும்பியது என்று நாம் சொல்லும்போது அது இன்னும் கன்னத்தில் இறங்கவில்லை. கலத்துக்குள் நின்றபடியே அசைவதும் தளும்பல்தான்.

‘நிறைகுடம் தளும்பாது’ என்ற பழமொழி கப்பல் நடைமுறைக்கும் வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது. ஏறத்தாழ −162 பாகை செல்சியசில் திரவ இயற்கை எரிவாயுவை ஏற்றிச்செல்லும், மெல்லிய உலோகப் படலத்தை உட்சுவராகக் கொண்ட மெம்ப்ரேன் வகைத் தொட்டிகளில், உயரத்தின் ஏறக்குறைய 10 விழுக்காட்டுக்கும் 70 விழுக்காட்டுக்கும் இடைப்பட்ட மட்டத்தில் சரக்கை வைத்துக்கொண்டு கடலோடுவது பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. நீர்மத்தின் இயல்பான அலைவுக்காலம் தொட்டியின் நீளம் அல்லது அகலத்தையும் நிரம்பிய ஆழத்தையும் பொறுத்தது; அது கப்பலின் ஆட்டக்காலத்தை நெருங்கினால் ஒத்ததிர்வு ஏற்பட்டுத் தளும்பல் கடுமையாகிறது. நிறைந்த தொட்டிக்கும் முழு விலக்கில்லை. அங்கே அலை மேலெழுந்து கூரையையும் அதன் சரிவான மூலைகளையும் தாக்கும்.

இந்த மோதல் தரும் விசையைத் ‘தளும்பல் சுமை’ எனலாம். அதன் உச்ச அழுத்தம் சிறிய பரப்பில், சில மில்லிநொடிகளே நீடிக்கிறது. மெம்ப்ரேன் தொட்டிகளுள் ஒன்றான மார்க் 3 வகையில் அதைத் தாங்குவது 1.2 மில்லிமீட்டர் தடிப்புள்ள நெளிவுகொண்ட துருப்பிடிக்காத எஃகுப் படலமும், அதன் பின்னுள்ள, இழை வலுவூட்டிய பாலியூரித்தேன் நுரையும், அவற்றுக்கும் பின்னால் கப்பலின் உள்ளுடலும் (இரட்டைச் சுவர்களுள் உட்புறச் சுவர்) ஆகும். எனவே உச்ச அழுத்தத்தை நிலையான சுமையாகக் கருதிக் கணக்கிட்டால் போதாது. அழுத்தம் ஏறி இறங்கும் நேரம் கட்டமைப்பின் இயல்பான அதிர்வுக்காலத்தோடு ஒப்பிடத்தக்கதாக இருந்தால், உருத்திரிபு நிலைச்சுமையில் கிடைப்பதைவிடப் பெரிதாகக்கூடும். ஆகவே அழுத்தத்தை முக்கோண வடிவத் துடிப்பாக எளிமையாக்கி, படலம், நுரை, உள்ளுடல் ஆகிய அடுக்குகளைச் சிறு கூறுகளாகப் பிரித்த கணினி மாதிரியின்மீது செலுத்தி, நுரை நசுங்குமா, ஒட்டுப்பசை பிளக்குமா என்று பார்க்கின்றனர். கடுங்குளிரில் பொருள்களின் விறைப்பும் வலிமையும் மாறுவதால் அந்த வெப்பநிலைக்குரிய பண்புகளையே மாதிரிக்குத் தரவேண்டும்.

கட்டமைப்பு இவ்வாறு அசைந்தும் உருத்திரிந்தும் காட்டுவதை ‘எதிர்வினை’ என்று எழுதுவது குழப்பம் தரும், ஏனெனில் தாங்கிகளில் எழும் எதிர்விசைக்கும் அச்சொல் வழங்குகிறது. ‘துலங்கல்’ என்பதே இங்குத் தெளிவானது: தளும்பல் சுமைக்குத் தொட்டிக் கட்டமைப்பின் துலங்கல்.