கிரவல் எடுத்துவிட்டுப்போன காணியில் தோட்டம்: ஊர்ச் சங்கம் யாரிடம் என்ன கேட்கலாம்

2009க்குப் பிறகு வன்னியில் வீதிகள், ரயில் பாதை, வீடுகள் எல்லாம் திரும்பக் கட்டப்பட்டபோது, அதற்கான கிரவலும் மணலும் கருங்கல்லும் பெருமளவு வன்னி மண்ணிலிருந்தே தோண்டப்பட்டன. வேலை முடிந்தது, டிப்பர்கள் போய்விட்டன, குழிகள் மிஞ்சின. மாரியில் தண்ணீர் நின்று பிள்ளைகளுக்கு ஆபத்தாகவும், கோடையில் வெறும் செம்பொட்டலாகவும் கிடக்கிற இந்த இடங்களில் சேர்ந்து தோட்டம் செய்ய முடியுமா என்று மாதர் சங்கங்களும் இளைஞர்களும் கேட்கிறார்கள்.

முடியும். ஆனால் மண்வெட்டியைத் தூக்குவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். குழியைச் சீராக்கும் செலவு உங்கள் தலையில் விழ வேண்டியதில்லை. தோண்டியவர்தான் அதைச் செய்ய வேண்டும், அதற்குச் சட்டம் இருக்கிறது. ஊர்ச் சனம் இதைக் கேட்காமலே சிரமதானத்தில் இறங்கிவிட்டால், தோண்டியவரின் கடமையை நாமே சுமந்தவர்களாவோம்.

1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்படி நிலத்தடியில் இருக்கும் கனியம் அரசுக்குரியது. காணி உங்கள் பெயரில் இருந்தாலும் அப்படித்தான். அதை எடுக்க விரும்புகிறவர் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்திடம் அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். வேலை முடிந்ததும் நிலத்தைச் சீரமைத்துக் கொடுப்பது அந்த அனுமதியோடு வருகிற பொறுப்பு. அதற்கு உத்தரவாதமாகப் பணியகத்திடம் வைப்புப் பணமோ பிணைப் பத்திரமோ கொடுக்க வேண்டும். சீரமைப்பு ஒழுங்காக நடந்ததென்று பார்த்த பிறகே அது திரும்பிப் போக வேண்டும். ஆகவே உங்கள் ஊர்க் குழிக்கு அனுமதி இருந்திருந்தால், அதன் பெயரில் ஒரு பிணை இருந்திருக்க வேண்டும். அது இப்போதும் இருக்கிறதா, விடுவிக்கப்பட்டதா, விடுவித்தவர் எதைப் பார்த்து விடுவித்தார் என்பதே முதல் கேள்வி.

இதைக் கேட்க யாருடைய சிபாரிசும் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தக் குடிமகனும் கேட்கலாம். நான்கில் மூன்று பங்குக்குக் குறையாத உறுப்பினர்கள் குடிமக்களாக இருக்கும் சங்கமும் தன் பெயரிலேயே கேட்கலாம். தனியாள் பெயரில் கேட்டால் அவருக்கு நெருக்கடி வரலாம் என்று பயப்படுகிற ஊர்களில் சங்கத்தின் பெயரில் கேட்பதே நல்லது. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கடிதம் தமிழில் இருந்தால் போதும். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அந்த நிறுவனத்தின் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும்.

கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. இடத்தைத் துல்லியமாகச் சொல்லுங்கள். கிராம அலுவலர் பிரிவு, கிட்ட இருக்கும் வீதி, குளம், கோயில் என்று எழுதி, ஒரு கை வரைபடத்தையும் இணையுங்கள். பிறகு இப்படிக் கேளுங்கள்: "மேற்படி இடத்தில் கிரவல் அகழ வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரங்களின் பிரதிகள், அவற்றின் நிபந்தனைகள், நிலச் சீரமைப்புத் திட்டம், பிணையாகப் பெறப்பட்ட தொகை, அது விடுவிக்கப்பட்டிருந்தால் அதற்கு முன் செய்த கள ஆய்வின் அறிக்கை ஆகியவற்றைத் தருக." கையளித்ததும் எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம், அதற்கும் மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது. இதே கடிதத்தின் பிரதியொன்றைப் பிரதேச செயலகத்துக்கும் தனிக் கோரிக்கையாகக் கொடுங்கள். ஒரு இடத்தில் "கோப்பு இல்லை" என்றால் மற்ற இடத்தில் கிடைக்கக்கூடும்.

அனுமதியே இல்லாமல் இரவோடு இரவாக அள்ளிய குழி என்றால் பிணைப் பணம் என்று ஒன்று இருக்காது. அப்போது பிரதேச செயலாளரிடம் எழுத்தில் கொடுத்து, பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் அதை எடுக்க வைப்பதுதான் வழி. பெக்கோவைக் கொண்டு கரைகளைச் சரித்து, ஆழமான மூலையைக் குளமாக விட்டு, மிச்சத்தை மட்டப்படுத்தித் தரும்படி கேளுங்கள்.

எல்லாவற்றிலும் நல்ல சந்தர்ப்பம், தோண்டும் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கும் காலம். மேல்மண்ணை ஒரு ஓரமாகக் குவித்து வைக்க வேண்டும், முடிந்ததும் அதைத் திரும்பப் பரப்ப வேண்டும் என்ற நிபந்தனை அனுமதிப்பத்திரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் புதுப்பிக்கும் நேரத்தில் சேர்க்கச் சொல்லி எழுதுங்கள். அரை அடி மேல்மண் போய்விட்டால் அதைத் திரும்ப உண்டாக்க வருடக்கணக்கில் பாடுபட வேண்டியிருக்கும்.

அடுத்தது காணி. இதில் அவசரப்பட்டால் நட்ட மரத்தை விட்டுவிட்டு வர நேரிடும். காணி யாருடையது என்பதைப் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். வன்னியில் ஊரவர் அரச காணி என்று நினைக்கிற பல இடங்கள் வன இலாகாவின் எல்லைக்குள் வருகின்றன. அங்கே பிரதேச செயலாளர் மட்டும் அனுமதி தர முடியாது. குளத்தின் ஒதுக்குக்குள் வருகிற குழியென்றால் சிறு குளத்துக்குக் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தையும், பெரிய குளத்துக்கு நீர்ப்பாசனத் திணைக்களத்தையும் கேட்க வேண்டும். நீரேந்துப் பகுதியைக் கொத்திப் பயிர் செய்தால் மண் அரித்துக் குளத்துக்குள் போகும். அங்கே மரம் நடுவதோடு நிற்பதே குளத்துக்கும் ஊருக்கும் நல்லது.

தெளிவான அரச காணி என்றால், 1947ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க அரச காணிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரமோ குத்தகையோ கேட்கலாம். ஒரு போகத்து மரக்கறிக்கு வருடாந்த அனுமதி போதும். தேசி, மாதுளை, மரமுந்திரிகை என்று நீண்டகாலப் பயிர் வைக்கிறவர்கள் நீண்டகாலக் குத்தகைக்கே விண்ணப்பிக்க வேண்டும். அது காணி ஆணையாளர் மட்டத்துக்குப் போகும், சுணங்கும். சுணங்கினாலும் பரவாயில்லை, காகிதம் கையில் இருக்க வேண்டும். "நீங்கள் செய்யுங்கோ, பிறகு பார்ப்பம்" என்று ஒரு அதிகாரி வாயால் சொன்னது அவர் இடமாற்றம் போனதும் செல்லாது.

தனியார் காணியென்றால் உரிமையாளரோடு உடன்படிக்கை வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டால்தான் சட்டத்தில் நிற்கும். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியை, அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர் தன் எண்ணத்துக்குக் குத்தகைக்கு விட முடியாது என்பதையும் மறக்க வேண்டாம்.

காணியைக் குழுவாகக் கேட்கப் பதிந்த அமைப்பு ஒன்று வேண்டும். ஏற்கெனவே இருக்கிற கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமோ போதும், அதற்குள் ஒரு தோட்டக் குழுவை அமைத்துக் கூட்ட அறிக்கையில் பதியுங்கள். பயிர்ச்செய்கையே முழு நோக்கம் என்றால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கமக்காரர் அமைப்பாகக் கமநல சேவை நிலையத்தினூடாகப் பதியலாம். யார் எத்தனை நாள் வேலை, விளைச்சலில் யாருக்கு எவ்வளவு, விலகிப் போகிறவருக்கு என்ன என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதிவிடுங்கள். குடும்பத்தைத் தனியே தாங்குகிற பெண்கள் பலர் இந்தக் குழுக்களில் இருக்கிறார்கள். கூலிக்குப் போகும் நாளை விட்டு வந்து கொத்துகிறவருக்கு அந்தக் கணக்கு தெளிவாக இருக்க வேண்டும்.

வன்னியில் மிதிவெடியையும் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. குழி தோண்டப்பட்ட இடம் பாதுகாப்பாக இருக்கலாம், அதன் ஓரத்துப் பற்றைக்காடு அப்படியென்று நினைக்க வேண்டாம். அந்தப் பகுதியில் மிதிவெடி அகற்றப்பட்டு நிலம் ஒப்படைக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சந்தேகமான இரும்புப் பொருள் எதைக் கண்டாலும் தொட வேண்டாம், குப்பை எரிப்பதையும் நிறுத்துங்கள். 119க்கு அறிவியுங்கள்.

சரி, காகிதம் வந்துவிட்டது, நிலமும் மட்டமாகிவிட்டது. இனி மண். கிரவல் எடுத்த அடிமண்ணில் சேதனம் என்று சொல்ல ஒன்றும் இருக்காது. அலவாங்கு போட்டால் நெருப்புப் பொறி பறக்கும். அங்கே நேரே கத்தரியும் மிளகாயும் வைத்து ஏமாந்தால் குழு முதல் போகத்திலேயே கலைந்துவிடும். இரண்டடி அகல, இரண்டடி ஆழக் குழிகளை வெட்டி, பட்டி எரு, கிளிசரியாக் குழை, வைக்கோல், கிடைத்த மேல்மண் என்று அடுக்கி, முதல் மழையில் அமர விடுங்கள். அதில் முருங்கை, தேசி, மாதுளை, மரமுந்திரிகை வைக்கலாம். இடையில் ஐப்பசி மழையோடு கௌபி, பயறு, சணல் விதைத்து, பூக்கும்போது சணலை அப்படியே மண்ணுக்குள் மடக்குங்கள். மரக்கறிக்கு உயர்ந்த பாத்தி கட்டி வெளியிலிருந்து மண் கொண்டுவருவதே பலன் தரும். குளமாக விட்ட மூலைக்கு வேலி போட மறக்க வேண்டாம்.

மண் பரிசோதனைக்கும் எந்தப் பயிர் என்று கேட்பதற்கும் உங்கள் பிரிவு விவசாயப் போதனாசிரியரைக் கூட்டிவந்து இடத்தைக் காட்டுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம். விதை, நாற்று, தூவல் நீர்ப்பாசனம் என்று ஏதாவது உதவி அந்த வருடம் இருந்தால், பதிவும் காணிக் காகிதமும் வங்கிக் கணக்கும் வைத்திருக்கிற குழுவின் பெயர்தான் பட்டியலில் முதலில் ஏறும். ஆகவே கடித வேலையை வைகாசி, ஆனியிலேயே தொடங்குங்கள். மழைக்கு முன் குழி வெட்டி முடிக்க அப்போதுதான் நேரம் இருக்கும்.