கடலில் மூழ்கிய கையோடு மலையேறலாமா?

மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் பர்லியாறு தாண்டியதும் விறைக்க ஆரம்பிக்கும். குன்னூர் வருவதற்குள் குட்டித் தலையணையாகிவிடும். மேலே ஏற ஏற வெளியே காற்றழுத்தம் குறைவதுதான் காரணம். மலையில் வளர்ந்தவர்கள் இதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. காது அடைத்தால் எச்சில் விழுங்குவோம், பருப்புக்குக் குக்கரில் ரெண்டு விசில் கூட விடுவோம், அவ்வளவுதான்.

இந்த அசட்டையை என் அக்கா பையனின் இலங்கைப் பயணத் திட்டத்தில் பார்த்தேன். இரண்டு நாள் திருகோணமலையில் ஸ்கூபா டைவிங். கடைசி டைவ் முடித்த கையோடு கார் பிடித்து, இரவுக்குள் நுவரெலியா. "நம்ம ஊட்டி மாதிரியே இருக்குமாம் மாமா. அதுக்கப்புறம் ஃப்ளைட்டுக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு, டைவ் முடிஞ்சு பதினெட்டு மணி நேரம் பறக்கக் கூடாதுங்கிற கணக்கெல்லாம் பார்த்துட்டேன்" என்றான். விமானத்துக்குப் பார்த்திருக்கிறான், மலைக்குப் பார்க்கவில்லை. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

டைவ் செய்தவர் உடனே விமானம் ஏறக்கூடாது என்பது பலருக்கும் தெரியும். விமானம் பறப்பதால் வந்த விதி இல்லை இது. உள்ளே காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் வந்தது. பயணிகள் விமானத்தின் கேபின் அழுத்தம் அதிகபட்சம் 2,400 மீட்டர் மலையில் இருப்பது போல வைக்கப்படுகிறது. போயிங் 787-இல் இன்னும் சொகுசாக, சுமார் 1,800 மீட்டர். ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர். அதாவது 787-இல் பறப்பவரைவிட, ஊட்டி சேரிங் கிராஸில் டீ குடிப்பவர் 'உயரத்தில்' இருக்கிறார்!

சரி, உடம்புக்குள் என்ன நடக்கிறது? கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். மேற்பரப்பில் இருக்கும் ஒன்றையும் சேர்த்தால் 20 மீட்டரில் அது மூன்று. சிலிண்டர் காற்றும் அதே அழுத்தத்தில்தான் நுரையீரலுக்கு வருகிறது. அந்தக் காற்றில் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன். உடம்பு அதைப் பயன்படுத்துவதில்லை. ஆனால் அழுத்தம் கூடக் கூட, சோடாவில் வாயு கரைவது போல, இரத்தத்திலும் கொழுப்பிலும் மூட்டுத் திசுக்களிலும் அது கரைந்துகொண்டே போகும். கோலி சோடாவில் கோலியைத் தட்டியதும் என்ன ஆகும்? அழுத்தம் சட்டென விழ, வாயு குமிழாகப் பொங்கும். அது உடம்பில் நடந்தால் பெயர் அழுத்தத் தளர்வு நோய். டைவர்கள் பேச்சில் 'பெண்ட்ஸ்'.

இதை முதலில் கணக்காக்கியவர் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற உடலியல் அறிஞர். ஆடுகளை அழுத்த அறையில் அடைத்து ஆராய்ந்து, 1908-இல் முடிவுகளை வெளியிட்டார். அழுத்தம் எத்தனை குறைந்தது என்பதைவிட எத்தனை மடங்கு குறைந்தது என்பதுதான் முக்கியம், பாதியாகும் வரை உடம்பு பெரும்பாலும் தாங்கும் என்றார். இன்றைய டைவ் கம்ப்யூட்டர்கள் இன்னும் நுணுக்கமாகக் கணக்கிடுகின்றன. ஆனால் மலைக்காரர்களுக்கு இந்தப் பழைய கணக்கே நன்றாக விளங்கும். கரை ஏறிய ஒருவரின் மூட்டில் 1.5 வளிமண்டல அழுத்தத்துக்கு ஈடான வாயு மிச்சம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடற்கரையில் வெளி அழுத்தம் 1, எனவே விகிதம் 1.5. ஒன்றும் ஆகாது. ஊட்டியில் வெளி அழுத்தம் சுமார் 0.76. அதே மிச்சத்தை அதால் வகுத்தால் ஏறக்குறைய 2. வாயு ஒரு துளிகூடக் கூடவில்லை, ஆனால் கோலியைத் தட்டியாகிவிட்டது.

மிச்சம் வெளியேறுவதும் மெதுவாகத்தான். இரத்தம் சில நிமிடங்களிலேயே பாதியைக் கழித்துவிடும். இரத்த ஓட்டம் குறைந்த திசுக்கள் சோம்பேறிகள். சுவிஸ் மருத்துவர் பியூல்மான் வகுத்து, இன்று பரவலாகப் புழங்கும் கணக்கில், ஆக மெதுவான திசு பாதி காலியாகவே 635 நிமிடம், அதாவது பத்தரை மணி நேரம். மீதியில் பாதி போக இன்னொரு பத்தரை மணி நேரம். டைவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் சொல்லும் காத்திருப்பு இதனால்தான் அவ்வளவு நீளம்: மேலே வரும் வழியில் வாயு வெளியேற நின்று நின்று ஏறும் இடைநிறுத்தம் தேவைப்படாத ஒற்றை டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ்கள் அல்லது பல நாள் என்றால் 18. இடைநிறுத்தி ஏறவேண்டிய ஆழமான டைவ்களுக்கு அதைவிட நன்றாகவே கூடுதலாக. 24 என்று வைத்துக்கொள்வது என் வழக்கம். இந்த வழிகாட்டுதல் 610 மீட்டரிலிருந்து 2,440 மீட்டர் வரையான கேபின் உயரத்துக்கு. அந்தக் கணக்கில் கோத்தகிரியும் கொடைக்கானலும் வந்துவிடும்.

இலங்கைத் திட்டத்தை ரத்து செய்யவில்லை, வரிசையை மட்டும் மாற்றினோம். கடலுக்குப் பிறகு சிகிரியா. குன்றின் உச்சியே 350 மீட்டர்தான். அப்புறம் கண்டி, ஏறக்குறைய 500. நுவரெலியா கடைசியில். பாலியில் காலை டைவ் முடித்துவிட்டு, மறுநாள் சூரிய உதயம் பார்க்க 1,717 மீட்டர் பாத்தூர் எரிமலைக்குக் கிளம்புகிறவர்களும் இதே பொறியில்தான் காலை வைக்கிறார்கள். வெளிநாடு போகாமல், புதுச்சேரியில் காலையில் மூழ்கிவிட்டு ராத்திரியே காரில் ஊட்டி திரும்புகிறவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் பயம். விமானமே இல்லாததால் எச்சரிக்கவும் ஆள் இருக்காது.

அறிகுறிகள் நம்மை எளிதில் ஏமாற்றும். தோளிலோ முழங்காலிலோ ஆழமான வலி, அசாதாரணக் களைப்பு, தோலில் தடிப்பு, விரல் மரத்துப்போதல். நம் வீட்டில் என்ன செய்வோம்? "வண்டியில உட்கார்ந்தே வந்த வலி" என்று நீலகிரித் தைலம் தேய்த்துப் படுக்கச் சொல்வோம். பெரும்பாலும் அறிகுறிகள் டைவ் முடிந்த சில மணி நேரத்தில் தெரியும், மலையேறினால் அதற்குப் பிறகும் கிளம்பலாம். டைவ் செய்தவருக்கு அப்படி வலித்தால் சுத்த ஆக்சிஜன் கொடுத்து, மலையை விட்டு இறக்கி, அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே 18 மீட்டர் ஆழத்துக்கு ஈடாக அழுத்தி, ஆக்சிஜனைச் சுவாசிக்கவைத்து, பல மணி நேரம் எடுத்து மெல்ல வெளியே கொண்டுவருவார்கள். வலி போக மறுபடி கடலில் இறங்குவது மட்டும் கூடவே கூடாது.

அந்த அறைச் செலவு பெரியது. சாதாரணப் பயணக் காப்பீடு ஸ்கூபாவை விலக்கியிருக்கலாம், அல்லது குறிப்பிட்ட ஆழம் வரைதான் ஏற்கும். அக்கா பையனின் பாலிசியில் 'சாகச விளையாட்டுகள் நீங்கலாக' என்ற வரி பதினோராம் பக்கத்தில் இருந்தது. அவன் வாசித்தது முதல் பக்கம் மட்டும்.