ஊரடங்கு நேரத்தில் குப்பைக்கு யார் பொறுப்பு? யாழ்ப்பாணத்தவருக்கான சட்ட விளக்கம்

ஊரடங்கு வந்தால் இரண்டு கிழமைக்குள் மூன்று பக்கமிருந்தும் முறைப்பாடு கிளம்பும். வண்டி வரவில்லை என்று வீட்டுக்காரர் சொல்வார்கள். கொட்டும் இடத்தை மூடு என்று அதன் அயலில் குடியிருப்பவர்கள் கேட்பார்கள். தெருவோரம் போட்டால் வழக்கு என்று பொலிஸ் எச்சரிக்கும். மூன்றுக்கும் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் சட்டம் பொறுப்பை முதலில் சபையிடம்தான் கொடுக்கிறது. வீட்டுக்காரரின் கடமை அதற்குப் பிறகே வருகிறது.

யாழ்ப்பாண மாநகர சபைக்கு இந்தக் கடமையைச் சொல்வது மாநகர சபைகள் கட்டளைச்சட்டத்தின் 129, 130, 131ஆம் பிரிவுகள். வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, சாவகச்சேரி நகர சபைகளுக்கு நகர சபைகள் கட்டளைச்சட்டத்தின் 118 முதல் 120 வரை. பிரதேச சபைகளுக்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் 93 முதல் 95 வரை. மூன்று சட்டங்களின் சாரமும் ஒன்றுதான். தெருக் குப்பையையும் வீட்டுக் குப்பையையும் உரிய காலத்தில் அகற்ற வேண்டும். சேர்த்த குப்பை சபையின் சொத்து. அதைப் போடுவதற்கு ஏற்ற இடத்தையும் வாகனங்களையும் சபையே ஏற்பாடு செய்ய வேண்டும். குப்பை சபையின் சொத்து என்பது சின்ன விடயமல்ல. உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிய கணத்திலிருந்து அந்தக் குப்பை எரிந்தாலும், அதன் கசிவு நீர் கிணற்றுக்குள் போனாலும், வீட்டுக்காரர் தரம் பிரிக்காமல் தந்தார் என்று சொல்லிச் சபை கைகழுவ முடியாது.

இந்தப் பிரிவுகளில் எதுவும் ஊரடங்கின்போது நின்றுவிடுவதில்லை. சுகாதாரத் தொழிலாளர்கள் அத்தியாவசிய சேவையில் உள்ளவர்கள். 2017 ஏப்ரல் 14இல் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 30க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த இடம் மூடப்பட்டு, கொழும்பின் குப்பையைக் கொட்ட வேறு இடமில்லாமல் போனபோது, குப்பை அகற்றலை அரசாங்கம் வர்த்தமானி மூலம் அத்தியாவசிய சேவையாக அறிவித்தது. நெருக்கடியில் கடைசியாக நிறுத்த வேண்டிய சேவை இது.

ஊரடங்குக்கும் சட்ட அடிப்படை உண்டு, அதைத் தெரிந்து வைப்பது நல்லது. 2020 மார்ச் 20 மாலை 6 மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. பிறகு கொழும்பு, கம்பஹா, களுத்துறை, புத்தளம், கண்டி மாவட்டங்களோடு யாழ்ப்பாணமும் அபாய வலயமாகி இங்கே கட்டுப்பாடு நீண்டது. பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டத்தின் 16ஆம் பிரிவின் கீழ் வர்த்தமானி வராமல் ஆட்களைக் கைதுசெய்யலாமா என்று சட்டத்தரணிகள் அப்போதே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 2020 ஒக்டோபர் 15ஆம் திகதிய 2197/25 இலக்க அதிவிசேட வர்த்தமானி, 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச்சட்டத்தின் கீழ் முகக்கவசம், 1 மீற்றர் இடைவெளி போன்ற விதிகளைக் கொண்டுவந்தது. மீறினால் 10,000 ரூபா வரை தண்டம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்பட இடமிருந்தது. வீட்டுக் குப்பையை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வெளியே போவதற்கு ஊரடங்கு வழிவிடவில்லை. ஆகவே வண்டி வராவிட்டால் வீட்டுக்காரருக்குச் சட்டப்படி இருக்கும் ஒரே வழி, வளவுக்குள் வைத்துச் சமாளிப்பது. வண்டி அனுப்பாத சபை, தெருவில் போட்டவர்மேல் மட்டும் வழக்குப் போடுவதை நாங்கள் சரியான அமுலாக்கமாகப் பார்க்கவில்லை.

அதற்காகத் தெருவில் போடலாம் என்று ஆகாது. 2009 நவம்பர் 10இன் 1627/19 இலக்க வர்த்தமானியின்படி, தேசிய நெடுஞ்சாலை ஓரத்திலோ, சபை குறித்த இடம் தவிர்ந்த வேறெங்குமோ குப்பை கொட்டுவது குற்றம். அயலவரின் வெறுங்காணி, குளக்கட்டு, கடற்கரை எல்லாம் இதற்குள் அடங்கும். 2017 செப்டெம்பர் 1 முதல் பிளாஸ்ரிக் உட்படக் குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பதும் தடை. கிணற்றடிப் பக்கம் சருகோடு சேர்த்துச் சொப்பின் பையையும் கொளுத்துவது நம் வளவுகளில் அன்றாடம் நடப்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தையும் மறக்க வேண்டாம். சிரட்டை, இளநீர்க் கோம்பை, தயிர்ச் சட்டி, பழைய ரயர் ஆகியவற்றில் தண்ணீர் நின்றால் வளவுச் சொந்தக்காரர்தான் நீதிமன்றம் போவார். மாரிக்கு முன்னர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் முதலில் தேடுவதும் இவற்றைத்தான்.

கொட்டும் இடத்தை மூடுவது பற்றி

மாநகர சபையின் குப்பை போகும் கல்லுண்டாய், மாநகர எல்லைக்கு வெளியே, வலிகாமம் தென்மேற்குப் பிரதேச சபைப் பகுதிக்குள் இருக்கிறது. நகரம் கழிக்கிறது, அயற்சபை மக்கள் புகையைச் சுவாசிக்கிறார்கள். அங்கே மூடு என்று கேட்பவர்களின் கோபம் முழுக்க நியாயமானது. ஆனால் வாசலைப் பூட்டுவதால் மட்டும் ஒரு குப்பைமேடு மூடப்படுவதில்லை. உள்ளே அழுகும் குப்பை மீதேனைத் தொடர்ந்து விடும், அந்த வாயுதான் நெருப்பை ஊட்டும். மேலே தண்ணீர் பீய்ச்சினால் மேற்பரப்பு மட்டுமே அணையும், உள்ளே கனன்றுகொண்டிருக்கும், பீய்ச்சிய தண்ணீர் கசிவு நீராக வெளியே வரும். புகையும் பகுதியை இயந்திரத்தால் பிரித்துப் பரப்பி, மண் போட்டு மூச்சடைக்க வைப்பதுதான் முறை. நிரந்தரமாக மூடுவதென்றால் சரிவைச் சீராக்க வேண்டும், களிமண் படையும் அதன்மேல் மண்ணும் போட வேண்டும், வாயு வெளியேறக் குழாய் இறக்க வேண்டும், சுற்றிவரக் கசிவு நீர் வாய்க்கால் வெட்ட வேண்டும், அயற்கிணறுகளைப் பல ஆண்டுகள் பரிசோதிக்க வேண்டும். குடாநாட்டின் அடியில் இருப்பது வெடிப்பும் பொந்தும் நிறைந்த சுண்ணக்கல். வடிகட்டும் தடித்த மண் பல இடங்களில் இல்லை, இறங்கிய அழுக்கு நேரே நிலத்தடி நீருக்குப் போகும்.

மாற்று இடம் தயாராகாமல் ஊரடங்கு நடுவில் ஓர் இடத்தை மூடினால், குப்பை ஒழுங்கைகளுக்கும் வெள்ள வாய்க்கால்களுக்கும்தான் போகும். மூடும் திகதியையும் மாற்று இடத்தின் அனுமதியையும் ஒன்றாகக் கேட்க வேண்டும். நாளொன்றுக்கு 100 தொன்னுக்கு மேற்பட்ட அகற்றல் நிலையத்துக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயம். அதைவிடச் சிறியது என்றால், மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் உண்டா, எதுவரை செல்லும் என்று கேளுங்கள்.

வண்டி வரும்வரை வளவுக்குள்

நம் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் உக்கக்கூடியது. நாறுவதும் அதுதான். அதை மட்டும் பிரித்தால் மிச்சத்தை ஒரு மாதம் உரப்பையில் கட்டி வைக்கலாம். உரம் ஆக்கும் பீப்பாய்க்குள் மரக்கறிக் கழிவு ஒரு பங்குக்குக் காய்ந்த சருகு இரண்டு பங்கு போடுங்கள். கையால் பிழிந்தால் ஒன்றிரண்டு துளி மட்டும் வரும் ஈரம் போதும். நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது, சருகு போட்டுக் கிளறுங்கள். எறும்பு ஏறினால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். மீன் செதிலையும் குடலையும் பீப்பாய்க்குள் போடாமல் ஓரடி ஆழத்தில் புதையுங்கள், இல்லாவிட்டால் நாய் கிளறிவிடும். கிடங்கு கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்கட்டும். ஓலை மட்டையும் பனங்கொட்டையும் உக்கக் காலம் எடுக்கும், அவற்றை வேறாகப் போடுங்கள். தொற்றாளர் உள்ள வீட்டில் முகக்கவசம், கடதாசிக் கைக்குட்டை ஆகியவற்றை இரண்டு பைகளுக்குள் கட்டி, 72 மணி நேரம் ஒதுக்கி வைத்தபின் கொடுங்கள். அந்தப் பையைக் கையால் தூக்குபவர் பெரும்பாலும் கையுறை இல்லாத தொழிலாளி.

முறையிடும் விதம்

வாய்முறைப்பாடு பதிவில் நிற்காது. சபைச் செயலாளருக்கு, மாநகர சபை என்றால் ஆணையாளருக்கு, எழுத்தில் கொடுங்கள். சோலைவரி இலக்கம், ஒழுங்கையின் பெயர், பக்கத்து மின்கம்ப இலக்கம், வண்டி வராத திகதிகள், படம் ஆகியவை இருக்க வேண்டும். பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒரு பிரதி சுகாதார வைத்திய அதிகாரிக்கும், கொட்டும் இடம் பற்றியது என்றால் இன்னொன்று மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்துக்கும் போகட்டும்.

பதில் இல்லாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். ஏன் வண்டி வரவில்லை என்று கேட்டால் விளக்கம்தான் வரும். உங்கள் வட்டாரத்துக்கான வண்டி அட்டவணை, ஓட்டப் பதிவேட்டின் பிரதி, கொட்டும் இடத்தின் உரிமப் பிரதி என்று ஆவணத்தைக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அலுவலகம் பூட்டியிருக்கும் நாட்களையும் கணக்கில் சேர்த்துவிட்டு அவசரப்பட்டு மேன்முறையீடு செய்ய வேண்டாம். தொல்லை உடனடியானது என்றால், அதாவது புகை வீட்டுக்குள் வருகிறது, கசிவு நீர் கிணற்றை நெருங்குகிறது என்றால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின் கீழ் நீதவான் அதை அகற்றும்படி நிபந்தனைக் கட்டளை இடலாம். பொலிஸ் அறிக்கை மட்டுமல்ல, வேறு தகவல் கிடைத்தாலும் போதும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எழுதிய அறிக்கை கையிலிருந்தால் வழக்கு வேகமாக நகரும், ஆகவே முதலில் அவரை அழைத்து இடத்தைப் பார்க்கச் செய்யுங்கள்.